பதினோராவது நாவலின் முடிவு

இந்தக் கோடையில் பத்து நாவல்கள் படித்தேன். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. உள்ளே யாராவது வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, வெளியே நான் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பேன். முந்நூறு பக்கம் மழையை மட்டுமே வர்ணித்த ஆசாமியை மன்னிக்கவே மாட்டேன். கிணறு வெட்டுகிறவளின் கதைக்கு நான் மூக்கைச் சிந்தி அழுததைப் பார்த்து, பல் பிடுங்க வந்த ஒருவர் பயந்துபோய் வீட்டுக்கே திரும்பிவிட்டார்.

சாப்பிடும்போது கணவரிடம் கதை சொல்வேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ‘ம்’ கொட்டுவார். கேட்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவருடைய அலுவலக நண்பர் ஒருவர், பட்டப்பெயர் ‘கணீர்’, வீட்டுக்கு வந்தபோதுதான் குட்டு உடைந்தது.

“உங்க வீட்டுக்காரர் மாதிரி படிக்கிற ஆளைப் பார்த்ததே இல்லங்க. எங்க வாசகர் வட்டத்துல வாரா வாரம் ஒரு நாவல் பேசுறாரு. கிணறு வெட்டுறவ கதையைச் சொல்லும்போது அழுதே போட்டாரு.”

ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைத் தவிர எதையும் முழுசாகப் படித்தறியாத மனிதர். எனக்கு வயிறு எரிந்தது. புத்தகம் காணாமல்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். நான் அழுத அழுகையையுமா தூக்கிக்கொண்டு போவார்?

சண்டை போடவில்லை. பதினோராவதாக ஒரு நாவல் சொன்னேன். அப்படி ஒரு நாவலே கிடையாது. மனைவி படிப்பாள், அவள் சொன்னதையெல்லாம் கணவன் தன் சரக்காக ஊரில் விற்பான். முடிவை மட்டும் விட்டுவிட்டு, “இன்னும் படிச்சு முடிக்கலங்க” என்றேன்.

உறைக்கும் என்று ஒரு நப்பாசை. “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

வாசகர் வட்டத்தின் இந்தக் கோடைக்கான கடைசிக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லியிருந்தார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடையேறினார். சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினார்.

“இந்தப் புருஷன் மாதிரி ஒரு வெக்கங்கெட்டவனை எந்த நாவல்லயும் பார்த்ததில்ல. பொண்டாட்டி முதுகுல ஏறிச் சவாரி பண்ணிட்டு, பெரிய படிப்பாளின்னு மார் தட்டுறான்.”

அரங்கமே கைதட்டியது. என் பங்குக்கு நானும் தட்டினேன்.

கணீர் எழுந்தார். “அப்புறம் அந்தப் பொண்ணு என்னதான் பண்ணினா? முடிவைச் சொல்லுங்க.”

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவைக் கேட்க என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது, முகம் வெளிறிப்போனது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முடிவை நான் சொல்றேன்.”