உள்ளே பழைய அலாரம்

"அண்ணி, குழாயை மடக்கிப் பிடிச்சிருக்கேன். பம்ப் வாயே திறக்கல," என்றான் சோதனை செய்பவன். அவள் கணவனும் இதே அலுவலகம் என்பதால் இந்த அண்ணி. "நீங்களும் அண்ணனும் பேசலேன்னா சரி, இது ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நோயாளியின் உடலில் மருந்து செலுத்தும் பம்ப் அது. குழாய் அடைத்தால் அலற வேண்டும். காலையில்தான் அதன் மென்பொருளுக்கு 4.2 என்று டேக், அதாவது பதிப்பு அடையாளம், போட்டு வெளியிட்டிருந்தாள். ஒரு மருத்துவமனை அதைப் பதிவிறக்கியும் விட்டது. மாலையில் பம்புகளில் ஏற்றுவார்கள்.

அலாரத்தின் நிரல் தனி ரெப்போவில், தனிக் கிடங்கில், இருந்தது. அது கணவனின் பொறுப்பு. அவளுடைய பெரிய ரெப்போவில், அலாரத்தின் எந்தப் பதிப்பை எடுத்துக்கொள்வது என்ற சுட்டு மட்டும் இருக்கும். அவன் என்ன திருத்தினாலும், அவள் சுட்டை நகர்த்தாவிட்டால் பழையதுதான் போகும். திறந்து பார்த்தாள். அடைப்பில் அலறாத குறையை அவன் போன வாரமே திருத்தி, டேக்கும் போட்டிருந்தான். அவள்தான் நகர்த்தவில்லை.

வழக்கமாகச் சாப்பிடும்போது, "முடிச்சிட்டியா?" என்பாள். "ம்" என்பான். அதைக் கேட்டு அவள் சுட்டை நகர்த்துவாள்; அவர்கள் இருவருக்கும் அதுவே நடைமுறையாகிப் போயிருந்தது. இந்த ஒரு வாரம் மேசையில் தட்டுகளின் சத்தம் மட்டும்தான்.

அவனிடம் போனாள்.

"பழைய அலாரம் போயிருக்கு."

"காலைலயே பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன்." அவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "4.2 டேக்கை அழிச்சுட்டு, சுட்டை நகர்த்தி அதே பேர்ல திரும்பப் போட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"இறக்கினவங்ககிட்ட பழசு அதே பேர்ல இருக்குமே. சரியானதுன்னு நம்பி ஏத்திடுவாங்க."

அவன் தட்டச்சைத் தொடர்ந்தான். நோயாளி ஒருவரின் கையில் குழாய் அடைத்துக்கொண்டு, பம்ப் மௌனமாக இருப்பதை அவள் நினைத்தாள். இவனால் எப்படி மதியம் வரை உட்கார்ந்திருக்க முடிந்தது? அவளாலும் எப்படிக் கேட்காமல் இருக்க முடிந்தது?

மருத்துவமனைக்கு போன் செய்து நிறுத்தச் சொன்னாள். சுட்டை நகர்த்தி, சோதித்து, 4.2.1 என்று புது டேக் போட்டாள். எல்லோருக்குமான மின்னஞ்சலில் காரணத்தை எழுதினாள். கடைசியில், "தவறு என்னுடையது."

பின்னால் வந்து நின்று அவன் படித்தான். என் பேரையும் போடு என்பான் என்று காத்திருந்தாள். சொன்னால் போதும், போடக்கூட மாட்டாள்.

"போகும்போது பால் வாங்கணும்," என்றான்.

ஒரு வாரத்தில் வீட்டைப் பற்றி அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"ம்," என்றாள். மின்னஞ்சலை அனுப்பினாள்.