டாக்டரம்மா ஜீப்புக்கு மட்ஃப்ளாப் மாட்டிய சனிக்கிழமை

மாட்டு டாக்டரம்மாவின் ஜீப் கிளப்பிவிட்ட சேறு ஆறு வருடமாகக் கீழே விழவில்லை. மற்ற வண்டிகளின் சேறு வழக்கம்போல ஆட்கள் மேலும் சுவர்கள் மேலும் தெறித்துக் காய்ந்தது. இந்த ஜீப்பின் சக்கரங்கள் எறிந்த சேறு மட்டும் மூன்று ஆள் உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது. முதல் மழைக்காலத்தில் அது ஆற்றைக் கடக்கும் தெரு முனையில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான் இருந்தது. மறு வருடம் பாய் அளவுக்கு விரிந்தது. நான்காம் வருடம் நூற்றிருபது அடி நீளத்துக்கு அந்தரத்தில் ஒரு மண் பாதையே படுத்திருந்தது. அதன் மேல் புல் முளைத்தது. புல்லுக்காக இரண்டு ஆடுகள் எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று குட்டி போட முடியாமல் கத்தியபோது தீயணைப்பு ஏணியில் ஏறிப் போனவரும் டாக்டரம்மாதான். தாயும் குட்டியும் சுகம் என்று மேலேயிருந்து அவர் குரல் கொடுக்க, தெருவே கை தட்டியது.

கை தட்டாமல் நின்றவர் ஒருவர்தான். அவர் டாக்டரம்மாவின் அக்கா. எதிர்ச்சாரியில் சலவைக்கூடம் நடத்திவந்தார். நான்கு பெண்கள் அவரிடம் வேலை பார்த்தார்கள். மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை வாரத்துக்கு மூன்று முறை வெளுத்து, முற்றத்தில் இருபது கொடிகளில் காயப்போட்டு, மடித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. தங்கையின் சேறு அந்த முற்றத்துக்கு நேர் மேலே வந்து நின்றதிலிருந்து கொடிகளில் வெயில் படவில்லை. காலையில் போட்ட விரிப்பு சாயங்காலமும் ஈரமாகவே தொங்கியது.

ஜீப் வாங்கும்போது அதில் மட்ஃப்ளாப் இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை மறிக்கத் தொங்கும் ரப்பர் பலகைகள்தான் அவை. ஒரு மாட்டுக்கொட்டகையிலிருந்து பின்பக்கமாக வண்டியை எடுத்தபோது கல்லில் சிக்கி, முதல் மாதமே நான்கும் பிய்ந்துபோயின. "அந்த ரப்பரைத் திரும்ப மாட்டு" என்றார் அக்கா. "மாட்டேன்" என்றார் தங்கை, "நீ உன் கொடியைத் தள்ளிக் கட்டிக்கோ." அந்த ஒரு வார்த்தையில் பேச்சு நின்று நான்கு வருடம் ஆகிவிட்டது. டாக்டரம்மாவின் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் கொண்டுபோவது அவர் பொறுப்பானது. கடுமையான சொற்களையெல்லாம் கழித்துவிட்டு மீதியைத்தான் சொல்வார். பல நாள் மீதி எதுவும் இருக்காது. தெருவைக் கடந்து போய் கொஞ்ச நேரம் நின்று, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவார்.

ஏழாம் வருடம் மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, சின்ன மகள் பள்ளியிலிருந்து வரும் வழியில் பெரியம்மா கூடத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். இஸ்திரி மேசைகள் நான்கும் துடைத்துக் கிடந்தன. வேலைக்கார அக்காக்கள் ஓரமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "அம்மா, விரிப்பு ஈரமா வருதுன்னு ஆஸ்பத்திரியில லெட்டர் குடுத்துட்டாங்களாம். இந்த மாசத்தோட பெரியம்மா கூடத்தை மூடப்போறாங்க. அழுதாங்கம்மா. நான் பாத்ததும் சோப்புத்தண்ணி கண்ணுல பட்டுருச்சுன்னாங்க."

அக்கா அழுது டாக்டரம்மா பார்த்ததில்லை. விரல் நசுங்கியபோதுகூட அழாத அக்கா அவர். அன்று ராத்திரி டாக்டரம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜீப்பை வாஷர் பட்டறைக்கு முன் நிறுத்தினார். வாஷர் என்பது அந்த மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர். அகல வாஷர் போடாமல் அவர் எந்த போல்ட்டையும் முடுக்கியதில்லை. வீட்டில் காலண்டர் மாட்டிய ஆணிக்கும் வாஷர் போட்டவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கருவிப் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்துக்கொண்டு, "சேறு எங்க நிக்குதோ அங்கயே வச்சு மாட்டுவோம்" என்றார். ஆக வேலை சலவைக்கூடத்துக்கு எதிரிலேயே நடந்தது. பழைய கன்வேயர் பெல்ட்டில் நான்கு துண்டு அறுத்து வந்திருந்தார். விரல் தடிமன், மடக்கினால் மடங்கும், இழுத்தால் கிழியாது. சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் உள் விளிம்பில் படிந்த துருவைச் சுரண்டி, துளை போட்டு, துளையின் வாய்க்குப் பெயின்ட் தடவிக் காயவிட்டார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லி, முன் டயர் ரப்பரில் உரசவில்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அகல வாஷர், அதன் மேல் பூட்டு நட். பிறகு தரையிலிருந்து எவ்வளவு உயரம் விடுவது என்று கேட்டார்.

"அஞ்சு அங்குலம்" என்றார் டாக்டரம்மா.

"ஏழு விடச் சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஈர விரிப்பைத் தோளில் போட்டபடி அக்கா தெருவைக் கடந்து வந்து நின்றிருந்தார்.

"ஏழு விட்டா அடியில சேறு தப்பிச்சுப் போயிரும்."

"அஞ்சு விட்டா நீ ரிவர்ஸ் எடுக்கிற லட்சணத்துக்கு அடுத்த வாரமே பிஞ்சு வந்துரும். எனக்குத் தெரியாதா உன்னைப் பத்தி?"

"சரி, ஆறு."

"ஆறு" என்றார் அக்கா.

மகள்களோடு நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து, சேதி கொண்டுபோக வாயைத் திறந்த கணக்கு வாத்தியார், கொண்டுபோக ஒன்றும் இல்லை என்று கண்டு மெல்ல வாயை மூடிக்கொண்டார். பெரிய மகள் அவர் கையைப் பிடித்து அமுக்கினாள்.

வெள்ளோட்டத்துக்கு எல்லோரும் ஏறினார்கள். அக்கா முன்சீட்டில், வாத்தியாரும் மகள்களும் நடுவில், வாஷர் பின்னால் ஸ்பானரோடு. ஆற்றுக்குள் இறங்கி ஏறியதும் அக்கா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுச் சேறுகூட மேலே போகவில்லை. எல்லாம் ரப்பரில் அடித்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை போகச் சொன்னார். மூன்றாம் தடவை கரையேறும்போது ஜீப்பின் பின்பக்கம் தரையை விட்டது. அப்புறம் முன்பக்கமும் விட்டது. வண்டி சத்தம் போடாமல் மின்கம்பத்தின் பாதி உயரம் வந்துவிட்டது.

"என்னய்யா இது?" என்றார் டாக்டரம்மா.

வாஷர் பின்னால் எட்டி ரப்பரைப் பார்த்தார். "சேறு மேல போகப் பாக்குது. ரப்பர் விடமாட்டேங்குது. ரப்பரைப் பிடிச்சிருக்கிறது என்னோட போல்ட்டு, அது கழலாது. அப்ப வண்டி போய்த்தானே ஆகணும்?" என்றார். அவர் குரலில் பெருமைதான் அதிகம் இருந்தது.

ஜீப் மண் பாதையின் மட்டத்துக்கு வந்து நின்றது. முன்சக்கரங்கள் புல்லில் ஏறின. ஆடுகள் மூன்றும் வழி விட்டு ஒதுங்கின. அக்கா கதவைத் திறந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து, ஓரத்தில் நின்று கீழே பார்த்தார். நிழலில் தொங்கும் வெள்ளை விரிப்புகளும், அண்ணாந்து வாய் பிளந்த நான்கு பெண்களும் தெரிந்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தங்கையும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கேக்காம விட்டுட்டேன்க்கா" என்றார். "நானும்தான் கேக்கிற மாதிரியா சொன்னேன்?" என்றார் அக்கா. பிறகு எழுந்து கீழே பார்த்துக் கத்தினார்: "காலியா இருக்கிற கொடிக் கயிறு அத்தனையும் அவுத்து மேல வீசுங்கடி!"

கயிறுகளை முறுக்கி ஒன்றாக்கினார்கள். வாஷர் மண் பாதையின் முனையில் ஆறு துளை போட்டு, ஒவ்வொன்றுக்கும் வாஷர் வைத்துக் கட்டி, மறுமுனையை ஜீப்பின் கொக்கியில் மாட்டினார். ஜீப் பாதையின் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நின்று இழுத்தது. எதைப் பிடித்துச் சக்கரம் ஓடுகிறது என்று வாத்தியார் கேட்டார். டாக்டரம்மா இரண்டாம் கியருக்கு மாற்றினார். நூற்றிருபது அடி மண்ணும் ஆடுகளோடு நகர்ந்தது. அதன் நிழல் முற்றத்தை விட்டு மெல்ல விலக, ஒவ்வொரு விரிப்பாக வெயில் ஏறியது. கீழே பெண்கள் குதித்த குதிப்பில் ஒரு கூடை சோப்பு கவிழ்ந்தது.

கூரையில்லாத பேருந்து நிறுத்தத்துக்கு மேலே கொண்டுபோய் அதை அவிழ்த்துவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்து, குடைகளை மடக்கிக்கொண்டார்கள். இறங்குவதற்கு வாத்தியார் ஜன்னல் வழியே உடம்பை வளைத்து, அடி ஸ்கேலால் ரப்பரில் ஒட்டிய சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட வண்டி தணிந்தது. அன்று மூன்று மணிக்கெல்லாம் விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்து, அந்த ஜீப்பிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தலைமை நர்ஸ் ஒரு விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, லெட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. வெள்ளத்தில் மூன்று ஊர்களுக்குப் பாதை அறுந்தபோது டாக்டரம்மா ரப்பரில் சேறு பூசிக்கொண்டு மேலாகவே போய் மாடுகளுக்கு ஊசி போட்டு வந்தார். பெரிய மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெரியம்மாதான். அவர் தரையில் ஓட்டுவதைவிட மேலே நன்றாக ஓட்டினார். போன வாரம் வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி பிரேக்கை அழுத்தி, விளக்குகளைப் போட்டு அணைத்து, நான்கு மட்ஃப்ளாப்புகளையும் இழுத்துப் பார்த்தார். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி என்ற கட்டத்தில் ஒன்பது அங்குலம் என்று எழுதினார். பிறகு ரப்பரில் சேறு பூசச் சொல்லி, ஏணி போட்டு இன்னொரு முறை அளந்து, அதற்குப் பக்கத்திலேயே பதினெட்டு அடி என்றும் எழுதி முத்திரை குத்தினார். அடுத்த வண்டியை வரச் சொன்னார்.