மௌனப் பிரிவு

பத்தொன்பது வருடங்கள் வோல்க்மாரும் நானும் இசைத்தாள் வைக்கும் ஒரே ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தோம். இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி ஜோடி. அரங்கத்தின் பக்கம் அவர், உள்பக்கம் நான். பக்கம் முடியும் இடத்தில் அவர் வாசித்துக்கொண்டே இருப்பார். நான் மட்டும் வில்லை நிறுத்தித் தாளைத் திருப்பிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்வேன். எல்லா ஜோடிகளுக்கும் இதுதான் ஏற்பாடு, உள்பக்கத்து ஆள்தான் திருப்ப வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் செய்வதுதான் வேலையே.

எங்கள் நகரசபைக்குப் பணமுடை வந்தது. நீச்சல்குளமா, இசைக்குழுவா என்று ஒரு நாள் முழுக்க வாதாடி, கடைசியில் இரண்டையும் பாதியாக வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். குளத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் விட்டார்கள். எங்களுக்கு டாக்டர் ப்ரோமலை அனுப்பினார்கள்.

நொடித்துப்போன மெத்தைக் கம்பெனி ஒன்றை நிமிர்த்தியவராம். வந்த முதல் நாளே ஒத்திகையில் எங்கள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுத்தார். இடைவேளையில் காபியை வாயில் வைக்கக்கூட விடவில்லை.

“ரெண்டு பேரும் ஒரே தாளைத்தானே பாக்குறீங்க?”

“ஆமா சார்” என்றேன்.

“ஒரே மாதிரிதானே வாசிக்கிறீங்க?”

“அப்படித்தான் முயற்சி பண்றோம்” என்றார் வோல்க்மார்.

“அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு? அதுலயும் இந்த அம்மா நடுநடுவுல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடறாங்க. நாலு தடவை. எண்ணிட்டேன்.”

“பக்கம் திருப்பறேன் சார்.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். வாசிக்கல.”

அடுத்த வாரமே கடிதம் வந்தது. உள்பக்கத்து நாற்காலிகள் அத்தனையும் தேவையற்ற இரட்டிப்பு என்று அறிக்கை. வயலின், வியோலா, செல்லோ எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வெளியே. இந்த ஆள் மாட்டுவண்டியைப் பார்த்தால் ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டிருப்பார். கச்சேரிக்கு நான்கு ஒத்திகைகள் என்றிருந்தது ஒன்றாயிற்று.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வயலினைத் தவிர எதையும் தூக்கிப் பழக்கமில்லை. வெட்கத்தை விட்டு ப்ரோமலின் அறைக்குப் போய் நின்றேன்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானக் கச்சேரிக்கு க்னாக் அம்மா வர்றாங்க. சாசேஜ் கம்பெனி முதலாளி. அவங்க நம்ம செலவை ஏத்துக்கிட்டு நம்மள தத்தெடுத்துக்கிட்டா ஒருத்தர் ரெண்டு பேரைத் திரும்பக் கூப்பிடுவேன். முதல் பேரு உங்களுதுதான்” என்றார். பிறகு மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். “இலவசம். வந்து உக்காருங்க. கூட்டம் தெரியணும்.”

ஆக, என்னை வெளியே தள்ளிய கச்சேரி நன்றாக நடந்தால்தான் எனக்கு வேலை. வயிற்றெரிச்சலோடு நல்ல சட்டையை இஸ்திரி போட்டேன்.

சனிக்கிழமை வோல்க்மார் போன் செய்தார்.

“கெசீனா, சிம்பொனியோட கடைசிப் பகுதியை ஒத்திகையே பாக்கல. அதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு. அதுல பக்கம் எங்க முடியுது தெரியுமா?”

“தெரியும். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கிற இடத்துல, எல்லார் தாளும் ஒண்ணா முடியுது. ப்ரோமல்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். முன்கூட்டியே திருப்பி வெச்சுக்கக் கூடாதாங்குறாரு.”

“நல்ல ஆளு!”

“சிரிக்காதே. கவுந்துச்சுன்னா உன் வேலையும் சேந்துதான் கவுழும்.”

ஞாயிறு மதியம் எனக்கு ப்ரோமலுக்கும் க்னாக் அம்மாளுக்கும் பின்வரிசையில் இடம். மேடையில் ஸ்டாண்டுக்கு ஒருவராக, பல் விழுந்த வாய் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முதல் மூன்று பகுதிகளில் பக்கம் முடிகிற இடங்கள் மெதுவானவை, எப்படியோ சமாளித்துவிட்டார்கள். நாலாவது பகுதி தொடங்கியது. வேகம் ஏறியது. அந்த இடம் வந்தது.

வயலின், வியோலா, செல்லோ, அத்தனை பேரும் ஒரே நொடியில் வில்லை எடுத்துவிட்டுத் தாளுக்குக் குனிந்தார்கள். பூகம்பம் மாதிரி முழங்கிக்கொண்டிருந்த மேடையில் காகிதச் சலசலப்பு. பின்னால் தனியாக மாட்டிக்கொண்ட ஹார்ன் ஊதுபவர் பயந்துபோய் அவரும் நிறுத்திவிட்டார். மூன்று நொடி முழுச் சூனியம். என் கை தானாக நீண்டு காற்றில் ஒரு தாளைத் திருப்பியது. பிறகு எல்லோரும் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கச்சேரி முடிந்ததும் க்னாக் அம்மாள்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டினார். கண்ணில் தண்ணீர்.

“அந்த மௌனம்! எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கேன், டாக்டர். இப்படி ஒருத்தரும் தைரியமா நிறுத்தினதில்ல. யாரு செஞ்சது அது?”

ப்ரோமல் விழித்தார். எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“நாங்கதாம்மா. நானும் இன்னும் பதினோரு பேரும். நாங்க அங்க உக்காராததுனாலதான் அது வந்துச்சு. எங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க.”

க்னாக் அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். புரிந்துகொண்டார் என்றே நம்பினேன்.

“பிரமாதமா செஞ்சீங்க” என்றார். “இனிமேயும் இப்படியே செய்யணும். விட்டுடவே கூடாது.”

அங்கேயே ஒப்புக்கொண்டார், மூன்று வருடத்துக்கு இசைக்குழுவின் செலவு அவர் பொறுப்பு. ஒரே நிபந்தனை, அந்த மௌனம் அப்படியே இருக்க வேண்டும். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியது. ப்ரோமல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஓடினேன்.

“சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன். முதல் பேரு உங்களுதுதான், பாருங்க.”

அடுத்த கச்சேரியின் அச்சடித்த கையேடு. முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா என்று வரிசையாகப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் கீழே புதிதாக ஒரு தலைப்பு: மௌனம். அதன்கீழ் கெசீனா ஆலர்ஸ், அப்புறம் மற்ற பதினோரு பேர்.

“வேலை?” என்று கேட்டேன்.

“இதுதாம்மா வேலை. கௌரவப் பதவி. நீங்க திரும்ப வாசிக்க உக்காந்தா மௌனம் எங்கேருந்து வரும்?”

கையேட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்காக என்மேல் எனக்கு இன்றுவரை கோபம்.

அடுத்த கச்சேரிக்கு நானே சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். அந்த இடம் வந்தது. எல்லோரும் வில்லை எடுத்தார்கள். அரங்கம் மூச்சடக்கிக் கேட்டது. நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன்.

வெளியே வரும்போது வோல்க்மார் வயலின் பெட்டியோடு வாசலில் காத்திருந்தார்.

“இன்னிக்கு ஒரு தப்புகூடப் பண்ணல நீ” என்றார்.

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.