உறுப்பினர்களுக்கு மட்டும்

ஹரிஷ்குமாரின் பாட்காஸ்டை வேறு தளத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லத்தான் ஓஸ்வால்ட் அந்த ஞாயிற்றுக்கிழமை தொம்மலூருக்கு வந்தார். ஹரிஷ் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவன் மனைவி அனுஷா கதவைத் திறந்தபோது அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். கல்யாண மண்டபங்களுக்கும் சர்ச்சுகளுக்கும் மைக் செட் போடுவது அவருடைய தொழில். ஹரிஷின் நிகழ்ச்சியை முதல் நாளிலிருந்து பதிவு செய்து, வெட்டி ஒட்டி, வெளியிட்டவர் அவர்தான்.

"உள்ள வாங்கண்ணா. ஏன் அங்கயே நின்னுட்டீங்க?"

"ஒரு விஷயம் கேக்கணும்மா. கேட்டா நீ வருத்தப்படுவியோன்னு இருக்கு."

நிகழ்ச்சியின் பெயர் 'நாலு மணி நேரம்'. சிறுநீரகம் பழுதானவர்கள் ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டிய நேரம் அது. ஹரிஷும் அப்படிப் படுத்திருந்தவன்தான். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்தவன். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகுதான் நோய் தெரிந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் பேசிப் பேசி, அந்தப் பேச்சையே நிகழ்ச்சியாக்கினான். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், ஊசி போடும் கை வீங்கினால் என்ன செய்வது, தக்காளியை விட்டவன் கல்யாணப் பந்தியில் ரசத்தைப் பார்த்து என்ன பாடுபடுகிறான் என்றெல்லாம் பேசுவான். ஓசூர், சேலம், கோலார் தங்கவயல் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் படுத்துக்கொண்டே கேட்டார்கள். பொதுவான பகுதிகளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி இருந்தது. அதில் அவன் இன்னும் மனம்விட்டுப் பேசுவான், அவர்களும் எழுதுவார்கள்.

அந்தத் தளம் சந்தா வசதியை மாதக் கடைசியோடு நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. வேறொரு தளத்துக்குப் போகலாம். ஆனால் உரிமையாளர் தன் அடையாளத்தைக் காட்டிக் கணக்குத் தொடங்க வேண்டும். சந்தாதாரர்களும் ஒவ்வொருவராகத் தாங்களே வந்து சேர வேண்டும். மாற்றாவிட்டால் தனிப்பகுதியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

"ஓனர்னு உன் பேரைப் போடணும்மா" என்றார் ஓஸ்வால்ட்.

"எதுக்குண்ணா? ஹரிஷே இல்ல. மூடிடலாம்."

"அவன் இல்லாட்டியும் அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. தினம் பேசிக்கிறாங்க. மிஷின்ல படுத்திருக்கறப்ப வேற யார் கிட்ட பேசுவாங்க? ஸ்வல்ப யோசிச்சுப் பாரும்மா."

அனுஷா அந்த நிகழ்ச்சியைக் கேட்டதே இல்லை. "நீ கேக்குறேன்னு தெரிஞ்சா எனக்குப் பேச்சு வராது" என்று ஹரிஷ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். அவன் வெட்கப்படுகிறான் என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள். அவன் போன பிறகு, அந்தக் குரலைக் கேட்கும் தைரியம் வரவில்லை.

"வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ பேரு மட்டும் குடு. எதையும் கேக்கவே வேணாம்" என்றார் ஓஸ்வால்ட். அவள் சரி என்றாள்.

மாற்றம் நடப்பதை உறுப்பினர்களுக்கு அறிவித்தபோது, சந்தேகம் இருந்தால் கேட்பதற்கென்று புதிய உரிமையாளரின் கைபேசி எண்ணும் பக்கத்தில் வந்துவிட்டது. ஓஸ்வால்ட் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அனுஷா அலுவலகக் கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தபோது ஓர் அழைப்பு வந்தது.

"அக்கா, நான் ஜெயலட்சுமி பேசறேன், பொம்மனஹள்ளியில இருந்து. புதுசுல சேரவே முடியலக்கா. நம்பர் அனுப்பறோம்னு சொல்லுது, வரவே மாட்டேங்குது."

அவள் கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவள் என்றும், நோய் வந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை என்றும், இப்போது டயாலிசிஸில் படுத்துக்கொண்டே பேசுகிறாள் என்றும் அனுஷா தெரிந்துகொண்டாள். பின்னால் இயந்திரம் விட்டுவிட்டுக் கத்தியது. அனுஷா பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க, ஒருவழியாகக் கணக்கு திறந்தது.

"அப்பாடா. அண்ணா பேசினதெல்லாம் போயிடுமோன்னு பயந்துட்டேன்கா. உங்களைப் பத்தி ஒண்ணு பேசியிருப்பாரே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேப்பேன்."

"என்னைப் பத்தியா? என்ன பேசினாரு?"

"அதான்கா, உங்க கிட்னி பொருந்தியும் அவர் வேணாம்னுட்டாரே."

அனுஷா கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? அய்யோ அக்கா, உங்களுக்குத் தெரியாதா?"

மூன்று வருடங்களுக்கு முன் அவள்தான் பிடிவாதமாக நின்று பரிசோதனை செய்துகொண்டாள். முடிவை வாங்கிவர ஹரிஷ் தனியாகப் போனான். பொருந்தவில்லையாம் என்று வந்து சொன்னான். அன்று அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "விடு அனு, உன்னால என்ன பண்ண முடியும்?" என்று முதுகைத் தடவிக்கொடுத்தான். அவளும் அதை நம்பினாள். தன் உடம்பு அவனுக்கு உதவாமல் போய்விட்டதே என்ற குறை அவன் சாகும்வரை அவளுக்கு இருந்தது. இதயம் நின்று அவன் போன அன்றும் அதையே நினைத்து அழுதாள்.

அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு நேராக மர்பி டவுனுக்குப் போனாள். ஓஸ்வால்டின் வீட்டு முன்னறைதான் பதிவு அறை. சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள். வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

"என் கிட்னி பொருந்துச்சாண்ணா?"

அவர் வயரைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உறுப்பினருங்க எல்லாருக்கும்" என்றார் மெதுவாக. "மாத்தறப்ப அந்த ஒண்ணை மட்டும் விட்டுடலாம்னு இருந்தேன்."

"போடுங்க. நான் கேக்கணும்."

"வேணாம்மா."

"போடுங்கண்ணா."

அவர் கணினியில் தேடி எடுத்து ஓட விட்டார். நான்கு மாதத்துக்குப் பிறகு ஹரிஷின் குரல் அந்தச் சின்ன அறையில் கேட்டது. வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"இன்னைக்கு ஒண்ணு சொல்லப் போறேன். இது வெளிய போகக் கூடாது. எங்க வார்டுல ஒருத்தருக்கு அவர் சம்சாரம் கிட்னி குடுத்தாங்க. ஒரு வருஷத்துல அது நின்னு போச்சு. மனுஷன் திரும்பி என் பக்கத்து பெட்டுக்கே வந்துட்டார். அந்தம்மா வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. இப்ப அனு குடுக்கறேன்னு நிக்கிறா. ரிப்போர்ட்ல பொருந்துதுன்னு வந்திருக்கு. பாப்பா இன்னும் சின்னவ. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆபரேஷனுக்குப் போயி, ஏதாவது ஒண்ணு ஆனா? அவ குடுத்ததையும் நான் கெடுத்துட்டா? பொருந்தலைன்னு சொல்லிட்டேன். அழுதா. நான் ஆறுதல் சொன்னேன். அதைத்தான் என்னால தாங்க முடியல. என்ன மனுஷன் நான்? சொல்லிடணும்னு தினம் நெனைக்கிறேன். சொன்னா அவ விடமாட்டா."

ஓஸ்வால்ட் நிறுத்தினார்.

அனுஷாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்துப்போனவன் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"முகம் தெரியாதவங்க இத்தனை பேர்கிட்ட சொல்ல முடிஞ்சுது. ஒரே வீட்டுல இருந்த என்கிட்ட முடியல."

"சொல்லிடுடான்னு நான் எத்தனையோ தடவை சொன்னேம்மா."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

ஓஸ்வால்ட் தலைகுனிந்தார். "சொல்லியிருக்கலாம்" என்றார்.

"அழிச்சிடுங்க அதை" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அவர் உடனே அழிக்கவில்லை. கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று வைத்திருந்தார். அடுத்தடுத்த நாட்களில் அனுஷா மகள் இளவேனிலைப் பள்ளிக்கு அனுப்பினாள், வேலைக்குப் போனாள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜெயலட்சுமி மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திகளுக்கும் பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலை, வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், மனம் கேட்காமல் அந்தத் தனிப்பகுதிக்குள் போனாள். ஹரிஷ் பேசியதற்குக் கீழே உறுப்பினர்கள் எழுதியவை வரிசையாக இருந்தன.

பெரும்பாலும் பாராட்டுதான். இப்படி ஒரு கணவன் யாருக்குக் கிடைப்பான் என்று எழுதியிருந்தார்கள். இறங்க இறங்க வேறு மாதிரி வரிகள் வந்தன. சேலத்துக்காரர் ஒருவர், 'நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகு நானும் வீட்டில் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் தன் அம்மாவிடம் அப்படிச் சொன்னதாக எழுதியிருந்தார். அதற்கும் கீழே ஜெயலட்சுமி: 'எங்க அக்கா டெஸ்ட் எடுக்கறேன்னு வந்துச்சு அண்ணா. டாக்டர் வேணாம்னு சொல்லிட்டார்னு அனுப்பிட்டேன். நீங்க குடுத்த தைரியம்தான்.'

அனுஷா மடிக்கணினியை மூடினாள். பிறகு ஓஸ்வால்டை அழைத்தாள்.

"அதை அழிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"அழிக்க வேணாம். புதுசுலயும் போடுங்க. அதுக்கு அடியில நான் ஒண்ணு பேசணும்."

சனிக்கிழமை மதியம் மெத்தைச் சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினாள். மூன்றாவது முறை ஓஸ்வால்டைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்துப் பேசினாள்.

"நான் அனுஷா. ஹரிஷோட மனைவி. அவர் பேசினதை இந்த வாரம்தான் கேட்டேன். நீங்க எல்லாரும் அவரைப் பெரிய மனசுக்காரர்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அப்படித் தோணல. பயந்துட்டார். பயப்படறது தப்பில்ல, நானும் பயந்தேன். ஆனா நான் பயந்துக்கிட்டேதான் சரின்னு சொன்னேன். அவர் என்னைக் கேக்கவே இல்ல. இந்த மூணு வருஷமா, என் உடம்பு அவருக்கு உதவலையேன்னு நான் குத்தவாளி மாதிரி இருந்தேன். வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். கடைசியில அவர் இஷ்டம்னு விட்டிருந்தாலும் விட்டிருப்பேன். உங்கள்ல யாராவது வீட்டுல பொய் சொல்லியிருந்தா, போய்ச் சொல்லிடுங்க. வாங்கிக்கணும்னு நான் சொல்ல வரல. சொல்லிடுங்க, அவ்வளவுதான்."

ஓஸ்வால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவை நிறுத்தினார். எதையும் வெட்டவில்லை.

அது இரண்டு தளங்களிலும் வெளியானதும் உறுப்பினர்களுக்குள் சலசலப்பு எழுந்தது. இறந்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்டுச் சிலர் புதிய தளத்துக்கு வராமலே நின்றுவிட்டார்கள். சேலத்துக்காரர் சேர்ந்தார், ஆனால் ஒன்றும் எழுதவில்லை. மாதம் முடிந்தபோது பழைய தளத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர்தான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் ஜெயலட்சுமி மறுபடி அழைத்தாள்.

"அக்கா, எங்க அக்கா ஓசூர்ல இருந்து ஞாயித்துக்கிழமை வருது. சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்க கூட இருப்பீங்களா? தனியா சொல்ல வாய் வராதுக்கா."

பொம்மனஹள்ளியில் மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை வீடு. அனுஷா நினைத்ததைவிட ஜெயலட்சுமி சின்னவளாக இருந்தாள், முப்பதுகூட இருக்காது. கட்டிலில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, வந்தவள் யாரென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயலட்சுமி தரையைப் பார்த்தபடி, அனுஷாவின் கணவர் செய்ததில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை என்றாள்.

அக்கா எழுந்து அடுப்பு மேடைப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள். பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள். பிறகு திரும்பி, "என்னை என்னன்னு நெனச்ச நீ? நான் ஊர்ல நிம்மதியா சோறு தின்னேன்னு நெனச்சியா?" என்றாள். ஜெயலட்சுமி தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள்.

பிறகு அக்கா அனுஷாவிடம் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருப்பேன்."

"அதுவும் நின்னு போயிருந்தா?"

அனுஷா யோசித்தாள். "அழுதிருப்போம்" என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து."

அக்கா மறுவாரமே பரிசோதனைக்குப் போனாள். அவளுக்கே தெரியாமல் சர்க்கரை இருந்தது என்பது அங்கேதான் தெரிந்தது. கொடுக்க முடியாது என்று மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஜெயலட்சுமிக்கு இன்னமும் வாரம் மூன்று முறை டயாலிசிஸ்தான். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகப் பதிவு செய்து காத்திருக்கிறாள்.

இதையெல்லாம் அவளே புதிய தளத்தில் பேசினாள். இயந்திரத்தில் படுத்தபடி கைபேசியில் பதிவு செய்து ஓஸ்வால்டுக்கு அனுப்பியிருந்தாள். நடுவில் ஓர் இடத்தில், பக்கத்திலிருந்த அக்காவின் குரல் குறுக்கே வந்தது: "இவ சொன்ன பேச்சே கேக்க மாட்டா, ஒளிச்சு ஒளிச்சுத் தண்ணி குடிக்கிறா. அதையும் சொல்லுடி அவங்ககிட்ட."

"இதை வெட்டிடவா?" என்று ஓஸ்வால்ட் கேட்டார்.

"இருக்கட்டும்ணா" என்றாள் அனுஷா.