பின்சில்லில் எண்ணெய்

றெனால்ட், அண்ணன் வீட்டுக் கொட்டிலில் மோட்டார் சைக்கிளின் வலப்பக்கத்தில் முழந்தாளிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து செபமாலைச் சத்தம் வந்தது. நாலு மணிக்குச் சவப்பெட்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது இரண்டேகால்.

அவனுக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது. எண்ணெய் எங்கிருந்து வந்தது?

அண்ணன் சீவரத்தினம் முந்தாநாள் காலை, பாலத்துக்கு ஏறுகிற வளைவில் வழுக்கி விழுந்தார். வீதியோரக் கல்லில் தலை அடிபட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டார். பின்சில்லின் டயர் முழுக்க எண்ணெய் என்று பொலிஸ் எழுதியது. அதைக் கேட்டதிலிருந்து அண்ணி றஞ்சிதம் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அண்ணனின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மட்டும், சனம் நிறைந்த முற்றத்தில் வைத்து, "உன்னை நம்பித்தானே வண்டியைத் தந்தவர்" என்றாள். அழாமல் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான்.

அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. பேசாலைக் கரையில் வள்ளங்களின் இஞ்சின் திருத்துவதுதான் அவனுக்குத் தொழில். போன கிழமை அண்ணன் இந்த வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "தலையில எண்ணெய் கசியுது, பாரடா" என்றார். எழுபது வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து வண்டி. எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கிற கஸ்கெட் அதற்குக் கடையில் வாங்க முடியாது. தடித்த கடதாசியில் தானே அளந்து வெட்டி, இஞ்சின் தலைமூடிக்குக் கீழே வைத்து, நாலு நட்டையும் குறுக்குமாறாக இறுக்கிக் கொடுத்தான். "ஒரு நாலு நாள் ஓடுங்கோ. புதன்கிழமை வந்து எண்ணெயும் மாத்தித் தாறன்" என்று சொல்லியும் விட்டான்.

புதன்கிழமை அவன் வரவில்லை. இரண்டு வள்ளங்கள் வேலைக்கு நின்றன. மறந்துபோனான்.

இப்போது தலைமூடியின் விளிம்பை விரலால் சுற்றிவரத் தடவினான். காய்ந்திருந்தது. சிலிண்டரின் மடிப்புகளில் வீதித் தூசு மாவாக ஒட்டியிருந்தது. எண்ணெய் கசிந்திருந்தால் அந்தத் தூசு சேறாகியிருக்கும். மறுபடியும் தடவினான். விரல் நுனியில் தூசுதான்.

அப்படியென்றால்?

"றெனால்ட்."

அப்துல் றசாக் கொட்டிலுக்குள் குனிந்து வந்தார். பக்கத்து ஊரான தாராபுரத்துக்காரர். லொறி ஓடுகிறவர். முந்தாநாள் அண்ணனுக்குப் பின்னால் வந்து, அவரை மடியில் தூக்கி வைத்திருந்தவர் அவர்தான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார்.

"வளைவுக்குக் கொஞ்சம் முன்னால றோட்டில கிடந்தது. உங்கட வண்டியிட சாமானோ எண்டு எடுத்து வச்சன்."

பெருவிரல் மொத்தத்தில் ஒரு நட். றெனால்ட் நிலத்தில் படுத்து இஞ்சினுக்கு அடியில் பார்த்தான். அந்த நட் மூடியிருக்கவேண்டிய, எண்ணெய் வடிக்கிற துளை திறந்து கிடந்தது. நட்டின் புரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தேயவில்லை, உடையவில்லை. ஆனால் அதன் கழுத்தில் இருக்கவேண்டிய செப்பு வாசர் வளையம் இல்லை. வாசர் இல்லாமல் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் இந்த வண்டியின் அதிர்வுக்கு இரண்டு நாள்தான். கழன்று விழும். உள்ளே இருக்கிற எண்ணெய் முழுக்கப் பின்சில்லில் கொட்டும்.

"இதுவோ?" என்றார் றசாக்.

"இதுதான் நாநா."

றசாக் தலையாட்டிவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

மேசைக்குக் கீழே பழைய எண்ணெய் நிறைந்த பேசின் ஒன்று இருந்தது. றெனால்ட் அதற்குள் கையை விட்டுத் துழாவினான். அடியில் வட்டமாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

அண்ணன் தானே எண்ணெய் மாற்றியிருக்கிறார். வாசரைக் கவனிக்கவில்லை. கண் மங்கிப்போன மனிசன்.

இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அப்படி இறங்கியதற்காக அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எழுந்தான். நட்டையும் வாசரையும் உள்ளங்கையில் வைத்து, அண்ணிக்கு முன்னால் போய் நின்று, "பாருங்கோ" என்று சொல்ல வேண்டும். அந்த முற்றத்திலேயே, எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும்.

"சித்தப்பா."

அண்ணனின் ஒரே மகள் துசாந்தினி வாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் கையைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா கதைக்கிறதைக் காதில போடாதேங்கோ. சாப்பிட்டனீங்களோ?"

"பசிக்கேல்லை பிள்ளை."

அவள் உள்ளே வந்து, கவிழ்த்து வைத்திருந்த கேனில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை பின்னேரம் நானும் அப்பாவும் இந்தக் கொட்டிலிலதான் இருந்தனாங்கள். உங்களுக்கு மூண்டு தரம் போன் எடுத்தவர்."

"வேலையில நிண்டனான். கேக்கேல்லை."

"எண்ணெய் மாத்தவேணும் எண்டு நிண்டவர். அவற்ற கை நடுங்கும்தானே, ஸ்பானரை என்னட்டத் தந்திட்டார். இருபத்தேழு வயசில முதல்தரம் இந்த வண்டியில என்னைக் கை வைக்க விட்டவர்." அவள் உதடு லேசாக விரிந்தது. "நான்தான் கழட்டி, நான்தான் பூட்டினனான். முகமெல்லாம் எண்ணெய். அதைப் பாத்து அப்பா சிரிச்ச சிரிப்பு... 'இனி உன்ர சித்தப்பனுக்கு வேலையில்லை'யாம். நான் அவரை அப்பிடிச் சிரிச்சு ஒருநாளும் பாக்கேல்லை, சித்தப்பா."

நட்டின் விளிம்பு றெனால்டின் உள்ளங்கையில் குத்தியது. வீட்டுக்குள் செபமாலையில் பத்துச் செபங்களின் காரணிக்கம் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறியிருந்தது.

"ஒண்டு கேக்கிறன். என்னத்தால வழுக்கினது? நானும் கை வைச்சனான்தானே. ராவெல்லாம் அதைத்தான் யோசிக்கிறன். உண்மையைச் சொல்லுங்கோ."

அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்தான்.

"நீ எண்ணெய் மாத்தினது கீழ. கசிஞ்சது மேல. நான் வெட்டின கஸ்கெட். கடதாசி தாங்கேல்லை."

"நிச்சயமோ?"

"முப்பது வருசமா இஞ்சின் பாக்கிறன் பிள்ளை. இப்பவும் பாத்தனான். என்ர பிழைதான்."

அவள் தோள்கள் மெதுவாகத் தாழ்ந்தன. மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் சொன்னதன் மற்றப் பக்கம் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"அப்ப அம்மா சொன்னது சரி."

"ஓம்."

அவள் எழுந்து பாவாடைத் தூசைத் தட்டிவிட்டு, அவனைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். றெனால்ட் தன் சாமான் பெட்டியைத் திறந்து, நூறு நட்டுகளும் வாசர்களும் கலந்து கிடந்த தட்டில் அந்த இரண்டையும் போட்டுக் கிளறிவிட்டான்.

றசாக் ஈரக்கையோடு வாசலில் நின்றார்.

"றெனால்ட், அந்த நட்..."

"எந்த நட், நாநா?"

றசாக் அவனை உற்றுப் பார்த்தார். துசாந்தினி போன பக்கத்தைப் பார்த்தார். பிறகு கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"ஒண்டுமில்லை" என்றார்.

நாலு மணிக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துச் செபித்தார். மூடி வைக்கிறபோது எழுந்த அழுகையில் முற்றமே அதிர்ந்தது. பெட்டி தூக்க ஆறு பேர் வந்தார்கள். தலைமாட்டில் இடப்பக்கம் தம்பியின் இடம். றெனால்ட் குனிந்து பிடியில் கை வைத்தான்.

"அவன் பிடிக்க வேண்டாம்."

றஞ்சிதத்தின் குரல் உயரவில்லை. ஆனாலும் அழுகை நின்றுவிட்டது. தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாமியார் புத்தகத்தை மூடாமல் விரலை வைத்தபடி நின்றார். றெனால்ட், தாயின் தோளைப் பிடித்திருந்த துசாந்தினியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கையை எடுத்தான். யாரோ ஒரு பெடியன் முன்னால் வந்து அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டான்.

ஊர்வலம் வீதிக்கு ஏறியபோது பஸ் ஒன்று ஓரமாக நின்று இஞ்சினை நிறுத்தியது. கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. றெனால்ட் எல்லாருக்கும் பின்னால், முப்பது முப்பத்தைந்து அடி தள்ளி நடந்தான். கல்லறைகள் உள்ள சேமக்காலைக்குத் திரும்புகிற சந்தியில் சனம் கடந்து போனதும், ஓரத்தில் ஒதுங்கி நின்ற கழுதைகள் குட்டிகளோடு மறுபடியும் வீதிக்கு வந்து குறுக்கே நின்றுகொண்டன. அவன் அவற்றை விரட்டவில்லை. விலத்தி, மண் ஓரத்தால் நடந்தான்.