மருதாயி என்று ஒருத்தி இல்லை

1

என் வீட்டுக் கேட்டை யாரோ ஹெல்மெட்டால் அடித்தார்கள். ஐந்து முறை. ஆறாவது அடியில் பூட்டு கழன்று விழுந்துவிடுமோ என்று ஓடினேன்.

இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான். மூன்று நாளாக அதை மறைத்து வேறு விதமாக ஆரம்பிக்கப் பார்த்தேன், சரிப்படவில்லை. வாரப் பத்திரிகைக்கு இருபத்திரண்டு வருடமாகத் தொடர்கதை எழுதுகிறவள் நான். முதல் பாராவிலேயே வாசகரை இழுத்துப் பிடிக்கத் தெரியும். இந்த முறை என்னை இழுத்துப் பிடித்தது பிரெட்ரிக்.

பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலை ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்முடன் அப்படியே மோட்டார்சைக்கிளில் மாசாயில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மகளுக்கு ஒரு காலத்தில் நான் டியூஷன் எடுத்ததால் எனக்கு அவர் வாயில் ‘டீச்சர்’ பட்டம்.

“டீச்சர், ஒரு லெட்டர் வேணும். நீங்கதான் குடுக்கணும்.”

“உள்ள வாங்க. கேட்டு என்ன பாவம் பண்ணிச்சி?”

“கோவத்துல அடிச்சிட்டேன் லா. எங்க அக்கா என் மானத்தை வாங்குது.”

அக்கா என்றால் பேட்ரிசியா. என் சிநேகிதி. தொழிற்சாலை கேன்டீன் ஒன்றை நடத்துகிறாள்.

விஷயம் இதுதான். அவர்களுடைய எள்ளுத்தாத்தா ஓர் அயர்லாந்துக்காரர். பெயர் டெனிஸ் ரியர்டன். குதிரை திருடிப் பிடிபட்டு, 1853-இல் கப்பலேற்றி மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதி. தண்டனை முடிந்ததும் குதிரை ஏற்றிவந்த கப்பலில் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து ஜொகூரில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கங்காணி மாதிரி வேலைக்குப் போனார். அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணோடு வாழ்ந்தார். அவர்கள் வம்சம்தான் இந்த அக்காவும் தம்பியும்.

காப்பித் தோட்டம் அழிந்து இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை. செம்பனைக்குள் இரண்டு கல்லறைகள். ஒன்று ரியர்டனுடையது, கல் கட்டி வெள்ளையடித்தது. பக்கத்தில் ஒரு மண்மேடு, அவளுடையது. பிரெட்ரிக் இந்தக் கல்லறைத் திருநாளுக்குள் ஒரு கறுப்புக் கருங்கல் நடப்போகிறார். அதில் அவள் பெயரையும் வெட்ட வேண்டும் என்கிறாள் பேட்ரிசியா.

“மருதாயின்னு வெட்டணுமாம். ப்ரூஃப் எங்க டீச்சர்? எனக்கு எங்க தாத்தாவுக்கு ஆறு பக்கம் ப்ரூஃப் இருக்கு. மருதாயி நீங்க தொடர்கதையில வெச்ச பேருதானே? கற்பனைன்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அது வாயை மூடிக்கும்.”

அவர் சொன்னது உண்மை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

2

[தொடக்கம், முதல் முயற்சி: ‘அயர்லாந்தில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது. ஈரப் புல்வெளியில் ஒரு குதிரை—’]

நான் அயர்லாந்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று பக்கம் அந்த மழையைப் பற்றி எழுதிவிட்டேன். பேனா தானாக ரியர்டனிடம் ஓடுகிறது. அவனுக்கு ஊர் இருக்கிறது, குற்றம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. பிரெட்ரிக்கிடம் உள்ள ஆறு பக்கத்தில் அவன் உயரம் ஐந்தடி ஆறங்குலம், கண் சாம்பல் நிறம், இடது கையில் நங்கூரப் பச்சை, வலது புருவத்தில் தழும்பு. ஒரு திருடனை அரசாங்கம் எவ்வளவு ஆசையாக உற்றுப் பார்த்திருக்கிறது!

[இரண்டாம் முயற்சி: ‘காப்பித் தோட்டத்தில் அவள் கூடையோடு—’]

கூடையோடு என்ன? குனிந்தாளா, நிமிர்ந்தாளா? எந்த ஊர்க்காரி? எத்தனை வயது? தெரியாது. அடித்துவிட்டேன்.

(இங்கே ஓர் ஒப்புதல். 2012-இல் இந்தக் குடும்பக் கதையைக் கேட்டு ஒரு தொடர் எழுதினேன். மூன்றாம் அத்தியாயம் நாலு மணிக்குள் வேண்டும் என்று ஆசிரியர் போனில் கத்தினார். கதாநாயகிக்குப் பெயர் இல்லை. எதிர்வீட்டு மருதாயி அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.)

3

பெயரைத் தேடாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தொடர் முடிந்த பிறகு பேட்ரிசியாவும் நானும் ஒரு பழைய தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்க்கப் போனோம். 1884. குழந்தை ஜோசப். தந்தை டெனிஸ் ரியர்டன். தாய் என்ற இடத்தில் பாதிரியார் லத்தீனில் இரண்டு சொல் எழுதியிருந்தார். அங்கிருந்த ஃபாதர் மொழிபெயர்த்துச் சொன்னார்: ‘தமிழ்க் கூலிக்காரி.’

ஒருத்தி பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரே நிற்கிறாள். ‘உன் பேரு என்னம்மா?’ என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? குதிரை திருடியவனின் புருவத் தழும்பைக்கூட ஒரு குமாஸ்தா குறித்துவைத்தான். இவள் எதையும் திருடவில்லை. அதுதான் இவள் செய்த தப்பு.

[இந்தப் பாராவை அழகாக்க ஆசிரியர் குழு சொல்லக்கூடும். மாட்டேன்.]

அன்று திரும்பி வரும்போது பேட்ரிசியா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க எழுதலன்னா என்ன, நீ எழுதிட்டியே ரூபி. உனக்கு யாரோ சொல்லித்தானே எழுதியிருப்ப?” என்றாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

ஒரு பஸ்ஸைச் சாக்காக வைத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய கோழை இந்தக் கதையை எழுதுகிறாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4

பிரெட்ரிக் கேட்டை அடித்த மறுநாள் கேன்டீனுக்குப் போனேன். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. பேட்ரிசியா மீன் குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பசியாறிட்டியா?”

“பேட், மருதாயிங்கிறது நானா வெச்ச பேரு. யாரும் சொல்லல. எங்க எதிர்வீட்டு அக்கா பேரு.”

சட்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைக்கவில்லை.

“விளையாடுறியா?”

“இல்ல.”

“வருஷா வருஷம் கல்லறைத் திருநாள் பூசைக்குக் கவர்ல அந்தப் பேரை எழுதிக் குடுக்கிறேன். ஃபாதர் மைக்ல வாசிக்கிறாரு. நான் முட்டி போட்டு அழுதிருக்கேன்டி!”

“தெரியும்.”

“உங்க எதிர்வீட்டுப் பொம்பளைக்கா நான் அழுதேன்? அந்தக்கா உசுரோடதானே இருக்கு?”

“இப்ப தெப்ராவ்ல மக வீட்ல இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் ஒரு ஈரக் கரண்டியை என்மேல் எறிந்தாள். தோளில் பட்டது. வலித்தது. அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள்: “சரி. பேரு வேணாம். அந்த மேட்டு மேல யாரு செருப்பு வைக்கிறா, தெரியுமா?”

தெரியும். ஒரு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். நவம்பர் இரண்டாம் தேதி செம்பனைக்குள் சேறாக இருக்கும். தாத்தாவின் கல்லறைக்கு மரியாதையாக எல்லாரும் செருப்பைக் கழற்றுவார்கள். கழற்றி வைக்க உயரமாக, காய்ந்த இடம் ஒன்றுதான். பக்கத்து மேடு. சுண்ணாம்பு வாளி, பிரஷ், தண்ணீர் போத்தல், பிள்ளைகளின் பை எல்லாம் அதன்மேல்தான். வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. கல் இல்லாத இடம் கண்ணில் படுவதில்லை. அன்று நானும்தான் என் செருப்பை அங்கே வைத்தேன்.

“பேரு இல்லன்னா பரவால்ல,” என்றாள் பேட்ரிசியா. “‘எங்க அம்மா’ன்னு ரெண்டு வார்த்தை வெட்டட்டும். செருப்பை எடுப்பாங்கல்ல?”

5

பிரெட்ரிக்கிடம் அதைப் போனில் சொன்னேன்.

“பேரு தெரியாத ஆளுக்கெல்லாம் என் கல்லுல இடம் இல்ல டீச்சர். லெட்டர் எங்க?”

இங்கே கதை மூன்றாகப் பிரிகிறது.

(அ) நான் கடிதம் கொடுக்கிறேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கல்லில் அவன் மட்டும். நவம்பரில் அவள்மேல் பதினைந்து ஜோடி செருப்பு.

(ஆ) நான் பொய் சொல்கிறேன்: ‘தோட்டத்தில் ஒரு கிழவர் இந்தப் பெயரைச் சொன்னார், மருதாயிதான்.’ எதிர்வீட்டு அக்கா உயிரோடிருக்கும்போதே கருங்கல்லில் ஏறிவிடுகிறார்.

(இ) பத்திரிகைக்குப் பிடித்த முடிவு: பிரெட்ரிக் கண்கலங்குகிறார், மேட்டின்மேல் விழுந்து வணங்குகிறார்.*

* (இ)-யை இருபத்திரண்டு வருடமாக எழுதிச் சம்பாதித்திருக்கிறேன். இந்தக் கதையில் எழுதமாட்டேன்.

6

கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை. எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

போர்ட்டிக்கோவில் அட்டைப்பெட்டிமேல் கல் படுத்திருந்தது. ‘டெனிஸ் ரியர்டன், அயர்லாந்து’ என்று தங்க எழுத்து. அடியில் இரண்டு சாண் இடம் காலி.

“எப்படி டீச்சர்? என் கண்ணைப் பாருங்க. சாம்பல் கலர். தாத்தா கண்ணு.”

“அவர் வந்த கப்பல் பேரு வேணும். கதைக்கு.”

“ஃபைல் மேசைமேல இருக்கு, எடுத்துக்குங்க. கோப்பி கலக்குறேன்.”

எடுத்தேன். ஆறு பக்கம். உயரம், கண், நங்கூரம், தழும்பு. ஆறாவது பக்கத்துக்குப் பின்னால், அதே பிளாஸ்டிக் உறைக்குள், ஏழாவதாக ஒரு தாள். அயர்லாந்திலிருந்து ரியர்டன் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல். சாரம் இது:

‘உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், மன்னியுங்கள். எங்கள் டெனிஸ் ஆஸ்திரேலியாவில் இறங்கிய ஆறாம் மாதமே சிறை மருத்துவமனையில் இறந்துவிட்டார். அவருடைய தாய்க்குப் பாதிரியார் எழுதிய கடிதம் எங்களிடம் இருக்கிறது. உங்கள் முன்னோர், இறந்தவரின் பெயரை எடுத்துக்கொண்ட வேறொருவராக இருக்க வேண்டும். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை.’

தேதி மார்ச் மாதம். கல்லுக்கு ஆர்டர் கொடுத்த ரசீதும் உறைக்குள் இருந்தது. தேதி ஜூலை.

சாம்பல் கண் யாருடையது? தழும்பு யாருடையது? ஆறு பக்கமும் வேறொருவனுடையது. செம்பனைக்குள் பெயர் தெரியாத இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி, ஒருத்தியின் நெஞ்சில் செருப்பு.

பிரெட்ரிக் கோப்பிக் குவளைகளோடு வந்து நின்றார். என் ஒரு கையில் அவருடைய ஏழாவது பக்கம், மறு கையில் என் கடிதம். இதில் எதை யாரிடம் கொடுப்பது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலோடு என் பேனாவை மூடுகிறேன்.

“பிரெட்ரிக், இது மார்ச்லயே வந்திருக்கு. அப்புறம் எதுக்கு இந்தப் பேரை வெட்டினீங்க?”

அவர் குவளையைக் கல்லின்மேல் வைக்கப்போய், வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“பின்ன என்ன டீச்சர், பேரே இல்லாத ஒருத்தரைப் போய் எப்படி எங்க தாத்தான்னு சொல்லிக்கிறது?”