தோற்றவர் கூப்பிட வேண்டும்

இடது கையால் அப்பாவின் உதடுகளை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே, வலது கைக் கட்டைவிரலால் போன் திரையைக் கீழே இழுத்து விட்டாள் டெனிஸ். திரை ஒரு கணம் வெறுமையாகி மறுபடி நிறைந்தது. கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பெயர் வரிசையில் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் பாக்ஸ்டர் இருந்தான். அவனுக்கும் கீழே லிண்ட்.

"அப்பா, உங்க பாக்ஸ்டர் ரெண்டு அடி முன்னால இருக்கான்" என்றாள் அவர் காதருகே குனிந்து. "இன்னும் அஞ்சு குழிதான் பாக்கி. நீங்கதான் ஜெயிக்கப் போறீங்க."

வெர்லின் ஹாஸ்கெட்டின் கண்கள் திறக்கவில்லை. ஆனால் நெற்றி சுருங்கியது. தொண்டைக்குள் ஏதோ உரசியது. வலியாக இருக்குமோ என்று டெனிஸ் மருந்துச் சொட்டுக் குழாயை எடுத்தாள். இப்போதுதானே கொடுத்தோம் என்று நினைவு வந்து கீழே வைத்தாள்.

சோபா இருந்த இடத்தில் அப்பாவின் கட்டில் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில். தெருக்கோடியில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டிவியில் கோல்ஃப் மதியத்துக்கு மேல்தான் வரும். வந்தாலும் பாக்ஸ்டரையும் லிண்டையும் காட்ட மாட்டார்கள். கடைசி நாளில் முன்னணியில் இருப்பவர்கள் மதியம் ஆடுவார்கள். இவர்களைப் போன்றவர்களைக் காலையிலேயே ஆட விட்டு அனுப்பிவிடுவது வழக்கம். இரண்டு பேரும் எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளினார்கள் என்பதைப் பற்றி உலகத்தில் கவலைப்பட்டவர்கள் மூன்றே பேர்: அப்பா, டெனிஸ், நெப்ராஸ்காவில் எங்கோ மாட்டுத் தீவன லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் தம்பி டாரின்.

அப்பாவும் டாரினும் வாரா வாரம் ஆளுக்கொரு ஆட்டக்காரனைப் பிடிப்பார்கள். அந்த இருவரில் எவன் குறைந்த அடிகளில் முடிக்கிறானோ, அவனைப் பிடித்தவருக்கு வெற்றி. காசு பந்தயம் கிடையாது. தோற்றவர், ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். கூப்பிட்டால் காற்று, மணல் பள்ளம், புல்லின் ஈரம் என்று கொஞ்ச நேரம் பேசுவார்கள். "சரி, வெக்கறேன்" என்பதோடு முடிந்துவிடும். அதைத் தவிர அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே வேறு பேச்சே இல்லை.

அம்மா இறந்த அன்று டாரின் ஆற்றில் நிற்கும் சூதாட்டப் படகில் இருந்தான். போனை அணைத்து வைத்திருந்தான். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்த மகனைப் பார்த்து வெர்லின் கேட்டார்: "உங்கம்மா எப்ப போவான்னு எவ்வளவு கட்டியிருந்தே?" கரண்டிகளின் சத்தமெல்லாம் நின்றது. டாரின் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். மஸ்கட்டைன் ஊரை விட்டே போனான். பிறகு அவன் காசு வைத்து எதையும் ஆடியதில்லை என்று டெனிஸுக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் காதில் விழாதது போல இருப்பார்.

பல வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை அப்பாவின் போனுக்கு டாரினிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'இந்த வாரம் நான் லிண்ட். நீங்க?' அப்பா அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் சமையலறையில் நின்றார். பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு பெயரை அனுப்பினார்.

நோய் முற்றிப்போனது தெரிந்த நாளில் டெனிஸ் தம்பிக்குச் சொல்லிவிடலாம் என்றாள்.

"கூடாது" என்றார் அப்பா. "அவன் என்னைப் பாக்கவா வருவான்? அவன் அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்க வருவான். அதுக்கு நான் என்ன தபால் பெட்டியா? ஆட்டம் நடக்கற வரைக்கும் நடக்கட்டும். நீ வாயைத் திறக்கக் கூடாது."

டெனிஸ் வாக்குக் கொடுத்துவிட்டாள். போன ஞாயிறு லிண்ட் தோற்று டாரின் கூப்பிட்டபோது அப்பாவின் குரல் காற்றாகத்தான் வந்தது. "பல் பிடுங்கியிருக்காங்க" என்று டெனிஸ் போனை வாங்கிச் சொன்னாள். இன்றைக்கும் லிண்ட் தோற்றால் டாரின் கூப்பிடுவான். அப்பா காதில் அவன் குரல் விழும். சொன்ன வாக்கும் மீறாது. அதனால்தான் விடிந்ததிலிருந்து முன்பின் தெரியாத பாக்ஸ்டருக்காக அவள் கர்த்தரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பின்வாசல் கதவு திறந்தது. எதிர்வீட்டு ஆர்லோ, மனைவி கொடுத்தனுப்பிய வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, தொப்பியோடு உள்ளே வந்தார். அவரும் அப்பாவும் உணவகத்து நண்பர்களோடு ஒரு கற்பனை அணிப் போட்டி ஆடுவார்கள். ஒவ்வொருவரும் ஆறு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளிகள். புதன்கிழமை, பேச்சு முழுசாக நிற்பதற்கு முன்னால், அப்பா தன் ஆறு பேரையும் ஆர்லோவின் காதில் சொல்லியிருந்தார்.

"யோவ் வெர்லின்" என்றார் ஆர்லோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "உன் ஆறு பேர்ல அஞ்சு பேரு பறக்கறானுங்கய்யா. கடையில எல்லாரும் உன்னைத் திட்டிக்கிட்டிருக்கானுங்க. படுத்த படுக்கையா இருந்துக்கிட்டே எங்களைக் கொல்றியே."

அப்பாவின் உதட்டோரம் லேசாக இழுபட்டது. அது சிரிப்பு என்பதில் சந்தேகமில்லை.

"பாக்ஸ்டரும் ஜெயிக்கறான், ஆர்லோ" என்றாள் டெனிஸ் ஆவலோடு.

சிரிப்பு போய்விட்டது. அப்பா முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பப் பார்த்தார். அந்தச் சின்ன அசைவே அவருக்கு மூச்சு வாங்கியது.

"பாருங்க, காலையிலேர்ந்து இப்படித்தான். ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் மூஞ்சி சுருங்குது. வலிக்குதோ என்னமோ. நர்ஸ் பெட்ராவை வரச் சொல்லியிருக்கேன், இன்னும் காணோம்."

ஆர்லோ அவளை விநோதமாகப் பார்த்தார். "உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"என்னது?"

அவர் அவளைச் சமையலறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். "எத்தனை வருஷமா உங்கப்பன்கூட ஆடறேன். எவனுக்கு இடுப்பு வலி, எவனுக்கு எந்தப் புல்லு ஒத்துக்காது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனா, மணிக்கட்டுல கட்டோட திரியற பாக்ஸ்டரைப் போய்ப் பிடிப்பான்? எங்க போட்டியில பிடிப்பானா? மாட்டான். டாரினோட ஆடறப்ப மட்டும்தான் நொண்டி, முடவனையெல்லாம் தேடித் தேடிப் பிடிக்கறான்."

"ஏன்?"

"தோத்தாத்தானே கூப்பிட முடியும்? ஜெயிச்சவன் சும்மா போன் பக்கத்துல உக்காந்திருக்கணும். சும்மா கூப்பிட இந்தக் கெழவனுக்குக் கௌரவம் எடம் கொடுக்காது. தோத்துட்டா, அது விதிமுறை. வேற வழியில்லாம கூப்பிட்ட மாதிரி." ஆர்லோ குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பயலும் லேசுப்பட்டவன் இல்ல. அவன் பிடிக்கற ஆளுங்களைப் பாரு. எல்லாம் தண்ணியில பந்து போடறவன். அப்பனும் புள்ளையும் தோக்கறதுக்குப் போட்டி போடறாங்க."

டெனிஸ் போனைப் பார்த்தாள். பாக்ஸ்டர் இன்னொரு குழியையும் ஒரு அடி மிச்சம் பிடித்து முடித்திருந்தான். பாழாய்ப்போனவன், வருஷம் முழுக்கத் தடுமாறிவிட்டு இன்றைக்குத்தானா ஆட வேண்டும்?

பெட்ரா வந்தாள். வீட்டிலேயே சாகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். அப்பாவின் நாடியைப் பிடித்தாள். போர்வையை விலக்கி முழங்கால்களைப் பார்த்தாள். தோலுக்கடியில் ஊதா நிறத்தில் வலை வலையாகப் படர்ந்திருந்தது. போர்வையைப் பதமாக மூடிவிட்டு டெனிஸின் முழங்கையைத் தொட்டாள்.

"யாராவது வரணும், பேசணும்னா இப்பவே செஞ்சுடுங்க."

"மதியம் வரைக்கும் இருப்பாரா?"

"நேரம் சொல்றதை நான் எப்பவோ விட்டுட்டேம்மா. ஆனா காத்திருக்காதீங்க."

ஆட்டம் முடிய மூன்று குழிகள். முக்கால் மணி நேரம் போதும். முடிந்ததும் டாரின் கூப்பிடுவான். அப்பாவின் மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர இவ்வளவு நேரமா? வந்தது. டெனிஸ் தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதை உணர்ந்து, அதை வெளியே விட்டாள். திரையைக் கீழே இழுத்தாள். மாற்றமில்லை. மறுபடி இழுத்தாள். வரிசைக்கு மேலே மஞ்சள் பட்டையில் ஒரு வரி வந்திருந்தது: இடி மின்னல். ஆட்டம் நிறுத்தப்பட்டுள்ளது.

"ஐயோ" என்றாள் வாய்விட்டு.

"வானம் வெளுத்தாத்தான் மறுபடி ஆரம்பிப்பான்" என்றார் ஆர்லோ எட்டிப் பார்த்து. "சில சமயம் திங்கக்கிழமைக்குத் தள்ளிப்போட்டுடுவான்."

இங்கே வெயில் அப்படியே இருந்தது. புல் வெட்டும் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. மூன்று மாநிலங்களுக்கு அப்பால் பெய்யும் ஒரு மழை, இந்த அறைக்குள் வந்து எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டது. அப்பாவின் மூச்சு மட்டும் யாருக்கும் நிற்காமல் தன் வழியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

டெனிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன.

"அப்பா" என்றாள். "ஆட்டம் முடிஞ்சு போச்சு. பாக்ஸ்டர் கடைசியில சொதப்பிட்டான். மூணு பந்து தண்ணியில. நீங்க தோத்துட்டீங்க."

நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. ஆர்லோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவின் போனிலிருந்துதான் கூப்பிட்டாள். இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டான்.

"அப்பா?"

"நான் டென்னி."

"என்ன டென்னி? ஆட்டம் மழையில நின்னு போச்சே, பாக்கலியா?"

"அப்பா தோத்துட்டாருடா. அதான் கூப்பிடறார்."

லாரியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பாக்ஸ்டர் மூணு அடி முன்னால இல்ல இருந்தான்?"

"தெரியும்."

"இன்னும் மூணு குழி பாக்கி இருக்கே."

"தெரியும்டா."

இரைச்சல் படிப்படியாகக் குறைந்தது. சக்கரங்களுக்கடியில் சரளைக்கல் நொறுங்கியது. லாரி நின்றது.

"அது பல்லு இல்ல, இல்லையா?" என்றான் டாரின்.

"இல்ல."

"பேசறாரா?"

"கேக்கறார்."

போனை ஒலிபெருக்கியில் போட்டு, தலையணையில் அப்பாவின் காதோரம் வைத்தாள். தம்பி அழப்போகிறான் என்று நினைத்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்பா, நான்தான். தோத்தவர்தான் பேச்சை ஆரம்பிக்கணும். பரவாயில்ல, இன்னிக்கு ஒரு நாள் நான் பேசறேன்." நிறுத்தினான். "மணிக்கட்டுல கட்டோட இருக்கறவனை எவனாவது பிடிப்பானா? நான் புதன்கிழமையே சிரிச்சேன். சரி, லிண்ட் மட்டும் என்ன யோக்கியன். குளத்தைக் கண்டா விடமாட்டான்னு எனக்குத் தெரியாதா."

அப்பாவின் மூச்சு உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது.

"அன்னிக்கு போனை அணைச்சு வெச்சிருந்தேன்ல, படகுல" என்றான் டாரின் கொஞ்ச நேரம் கழித்து. குரலில் மாற்றமில்லை, வேகம் மட்டும் குறைந்திருந்தது. "இப்பல்லாம் அணைக்கறதே இல்லப்பா. தூங்கும்போதுகூட. தலைமாட்டுல சத்தமா வெச்சுட்டுத்தான் படுக்கறேன்."

டெனிஸின் கைக்குள் இருந்த விரல்கள் அசைந்தனவா, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

"அதை விடுங்க. அடுத்த வாரம் கடலோர மைதானம். காத்து பேய் மாதிரி அடிக்கும். பந்தை ஒசரமா தூக்கறவன் எல்லாம் காலி. தாழ்வா, தரையோட உருட்டி விடறவனைத்தான் பாக்கணும். அதாவது, ஜெயிக்கணும்னா." சிரித்தான். "அதனால நான் ரொம்ப ஒசரமா அடிக்கறவனா ஒருத்தனை யோசிச்சு வெச்சிருக்கேன்."

மூச்சு ஒன்று வெளியே வந்தது. டெனிஸ் அடுத்ததற்குக் காத்திருந்தாள். பெட்ரா சுவரிலிருந்து விலகி வந்து, குனிந்து, இரண்டு விரல்களை அப்பாவின் கழுத்தில் வைத்தாள். டெனிஸைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டெனிஸ் வேண்டாம் என்று தலையசைத்தாள். பெட்ரா நிமிர்ந்து, பேசாமல் நின்றாள்.

"புல்லு வேற காஞ்சு கெடக்காம்" என்று டாரின் சொல்லிக்கொண்டிருந்தான். "பந்து விழுந்தா நிக்காது. நீங்க அந்த மாதிரி எடத்துல எப்பவும் வயசானவனுங்களைத்தான் எடுப்பீங்க. பொறுமை இருக்கும்னு சொல்லுவீங்க. இந்தத் தடவை யாரைப் பிடிக்கறீங்க?"

டெனிஸ் போனை அப்பாவின் காதுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினாள்.

"அவசரமில்லப்பா. யோசிச்சுச் சொல்லுங்க."

நெப்ராஸ்காவின் அந்தச் சாலையில் ஒரு பெரிய வண்டி கடந்து போகும் ஓசை எழுந்து அடங்கியது. அதன் பிறகு, ஓரம் கட்டி நின்ற அவன் லாரியின் இண்டிகேட்டர் விளக்கு மட்டும் தலையணையில் கிடந்த போனில் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.